அழகுக் குறிப்புக்கு ஒரு மதிப்புரை

நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். கவிதைக்கு எழுதுகிறோம். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதுகிறோம். கச்சேரியில் பாடகர் எந்த இடத்தில் சுருதி விலகினார் என்று அரைப் பக்கம் எழுதும் விமரிசகர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் பத்திரிகை வீட்டுக்குள் வந்ததும் பெண்கள் முதலில் புரட்டுகிற பக்கம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதக் காணோம். அழகுக் குறிப்புப் பக்கத்தைத்தான் சொல்கிறேன். என் தொடர்கதை வந்த பத்திரிகையிலேயே, என் கதையைப் படித்தவர்களை விட அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக் கொண்டவர்கள் அதிகம். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இதைப் பொறாமையால் எழுதவில்லை. கிளியனூரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். என் தங்கையை அங்கே கொடுத்திருக்கிறோம். பொங்கல் கழித்து ஒரு நாள் போயிருந்தேன். வழக்கமாக வாசல் வரை ஓடி வந்து பையை வாங்கிக் கொள்ளும் மருமகள், தங்கையின் பெண், அன்று கதவுக்குப் பின்னாலேயே நின்று, "வாங்க மாமா" என்றாள். துப்பட்டாவால் கன்னத்தை மூடியிருந்தாள். பல்வலி என்று நினைத்தேன். தங்கைதான் பிறகு மெல்லச் சொன்னாள். கல்லூரியில் யாரோ ஒரு தோழி சொன்னாளாம், சின்னக் குழாயில் வரும் களிம்பு ஒன்றை வாங்கி நாலு மாதம் பூசினாளாம். முதல் மாதம் முகம் வெளுத்தது. வந்தவர் போனவரெல்லாம் பாராட்டினார்கள். மூன்றாம் மாதம் சிவந்தது. நிறுத்தினால் எரிந்தது. எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசினாள். புதுச்சேரியில் தோல் மருத்துவரிடம் காட்டியபோது, அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோல் மெலிந்து போயிருக்கிறது என்றாராம்.

அன்று மத்தியானம் அந்தப் பெண் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். பாதி, அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்பு பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டியது. மீதி, கைபேசியில் பார்த்து அவளே எழுதியது. இரண்டுக்கும் நடுவில் முப்பது வருஷம் இருக்கும். நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை! கதை எழுதுகிறவனுக்கு இதை விட வியப்பான செய்தி வேறு இல்லை. முப்பது வருஷத்தில் நம் சிறுகதை எத்தனை சட்டை மாற்றிக் கொண்டுவிட்டது! அழகுக் குறிப்பு மட்டும் போட்ட சட்டையைக் கழற்றவில்லை.

ஒரு இலக்கிய வகை இப்படி மாறாமல் நிற்கிறதென்றால் அதன் கட்டுக்கோப்பு உறுதியானது என்று பொருள். அதைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றே அத்தியாயங்கள். முதலாவது குறை: கழுத்தில் கருமை, மூக்கில் கரும்புள்ளி, முழங்கையில் சொரசொரப்பு. இரண்டாவது கலவை: இதில் ஒரு கரண்டி, அதில் இரண்டு சொட்டு. மூன்றாவது பலன்: 'மறையும்', 'மின்னும்', 'பளிச்சிடும்'. ஐயம் என்பது எங்கேயும் கிடையாது. 'மறையலாம்' என்று எழுதிய குறிப்பை அந்த நோட்டில் நான் பார்க்கவே இல்லை. எதிர்காலத்தை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல ஜோசியர் கூடத் தயங்குவார்.

இந்தக் கதையில் இல்லாத ஒன்று பாத்திரம். யாருக்காக எழுதப்படுகிறது? அவள் என்ன வேலை செய்கிறாள்? நோட்டில் ஒரு குறிப்பு, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயிலில் செல்லாதிருங்கள் என்கிறது. தோலுக்கு அது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் கிளியனூர்ப் பக்கத்தில் மணிலாக் கொல்லையில் களை எடுக்கிறவளுக்கும், கிழக்கே மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவளுக்கும் அந்த வேளைதான் கூலி. வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில் வேறு. அவளுக்கு ஏற்ற குறிப்பு, தலையையும் கழுத்தையும் மூடும் துணி, முழுக்கைச் சட்டை, தண்ணீர், நடுவில் நிழல். அதை எழுத அவள் இருப்பது எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

எல்லாக் குறிப்பும் மோசம் என்று சொல்ல வரவில்லை. தங்கையின் மாமியாரை, ஊரே 'ஆயா' என்று கூப்பிடுகிற அந்த அம்மாளை, சாட்சிக்கு அழைத்தேன். எண்பதைத் தாண்டியவர். முகத்தில் சுருக்கம் நிறைய. பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

"ஆயா, நீங்க மஞ்சள் பூசினீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"மஞ்சள் பூசினா மொகம் மஞ்சளாத் தெரியும், தம்பி. வேற என்னா ஆவும்?" என்றார்.

"பயத்தமாவு?"

"அழுக்குப் போவும். எண்ணெய்ப் பிசுக்குப் போவும். அப்புறம் வேலையப் பாக்கப் போவோம்."

இதை ஒரு நல்ல விமரிசகரின் வாக்கு என்றே கொள்கிறேன். நம் பழைய குளியல் முறைகளின் சிறப்பு அவற்றின் அடக்கம். பயத்தமாவும் சீயக்காயும் அழுக்கைப் போக்குவதாகச் சொல்லின, போக்கின. குளிர் காலத்தில் தேங்காயெண்ணெய் தோல் வறளாமல் காத்தது. சந்தனம் குளிர்ச்சி என்றார்கள், குளிர்ந்தது. சொன்னதற்கும் செய்ததற்கும் இடைவெளி இல்லை. இதே சாமான்களை எடுத்துக்கொண்டு 'நிறம் மாறும்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். சமையலறை அதேதான், வாக்குறுதி மட்டும் புதிது.

அந்த வாக்குறுதிக்காகச் சமையலறையை விட்டு வெளியே போனவையும் உண்டு. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவச் சொல்கிறது நோட்டில் ஒரு பக்கம். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளிக்கும். ஆறிய இடம் முன்னை விடக் கறுக்கும். கறுப்பைப் போக்கச் சொன்ன குறிப்பே கறுப்பைக் கொண்டு வருகிறது! சமையல் சோடா மாவைத் தேய்க்கச் சொல்கிறது இன்னொரு பக்கம். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது, அதுவே அதற்குக் காவல். சோடாவின் காரம் அந்தக் காவலைக் கெடுக்கிறது. ஆனால் ஒட்டுப் பொட்டின் பசை சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும், அரித்தால் உடனே பொட்டை மாற்றுங்கள் என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் எவ்வளவு பயன்! அது நோட்டில் இல்லை. மினுக்காத உண்மைக்கு அந்தப் பக்கத்தில் இடம் கிடைப்பதில்லை போலும்.

களிம்புகளின் கதை இன்னும் கடுமையானது. ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் 2018-ல் மத்திய அரசு சேர்த்தது. சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் கருநிறம் ஊறுவதைத் தடுக்கும். உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, அழகுப் பொருளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்று எல்லை வைத்தது. பத்து வருஷம் கழித்து, 2023-ல், கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து மருத்துவர்கள் சிலர், சிறுநீரக நோயோடு வந்தவர்கள் இத்தகைய களிம்பு பூசி வந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முகத்துக்கு வைத்த மருந்து சிறுநீரகத்தில் போய் நிற்கிறது.

இந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் கொண்டு வந்தான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவது சுலபம். அவனுக்கு முன்பும் இந்த ஆசை இங்கே இருந்திருக்கும். ஆனால் தமிழில் பழைய கணக்கு ஒன்று வேறு மாதிரி இருந்தது. சங்கப் பாட்டில் பெண்ணின் நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்பார்கள். அது அழகு. தலைவன் பிரிந்தால் அந்த மாமை போய் மேனி வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர். அது துன்பம், ஒரு நோய். குறுந்தொகையில் வெள்ளிவீதியார், தன் மாமை அழகு தனக்கும் இல்லாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று கலங்குகிறார். வள்ளுவர் இந்தப் பசலைக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கினார், 119-வது. வெளிறிப் போனேனே என்று அவர்கள் அழுதார்கள். நாம் காசு கொடுத்துக் குழாயில் பசலை வாங்குகிறோம்.

கிளியனூர் மண்ணுக்கே உரிய ஒரு பாட்டும் உண்டு. இந்தப் பகுதி அந்நாளில் ஓய்மாநாடு. அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்திலேயே இருக்கிறது. அந்தப் பாட்டில் ஒரு விறலி வருகிறாள். கூந்தலைப் புலவர் வர்ணிக்கிறார். அதில் எண்ணெய் மினுமினுக்கிறது. மேனியில் படர்ந்த சுணங்கைப் புகழ்கிறார். சுணங்கு என்பது தோலில் தெரியும் பொன்னிறப் புள்ளிகள். இன்றைய குறிப்புப் பக்கத்தில் அதற்கு 'நீக்க வேண்டியது' என்று பெயர். இவை வழக்கமான வர்ணனைதான். ஆனால் பாதத்துக்கு வந்ததும் புலவர் நின்றுவிடுகிறார். வழி நடந்து களைத்து, அணி ஏதும் இல்லாத அந்தப் பாதம், இளைத்த நாயின் நாக்கைப் போல் இருக்கிறது என்கிறார். இளையவர்கள் அதை மெல்ல வருடிக் கொடுக்கிறார்கள். அவள் எவ்வளவு தூரம் நடந்து வந்தாள் என்பது அந்த உவமையில் தெரிகிறது. குறையைக் காட்டிய புலவர் கலவை ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலை அப்படியே பார்த்தார், அதற்கு ஓய்வு கொடுத்தார்.

இனி அந்த நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். அதைத் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் குறிப்பு எதுவும் இல்லை. அழகான கையெழுத்தில் ஐந்து வரி மட்டும் இருந்தது. என் நாவலின் கதாநாயகி முதல் முதலாக வாசற்படியில் தோன்றும் இடம். அவளுடைய சிவந்த நிறத்தைப் பற்றி நான் எழுதிய ஐந்து வரி.

"இது எதுக்கும்மா இங்கே?" என்றேன்.

"உங்க கதையில நல்ல பொண்ணுங்க எல்லாம் இப்படித்தானே இருப்பாங்க, மாமா?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்கிற குரல்.

எனக்குப் பதில் வரவில்லை. என் கதைகளில் கறுத்த பெண்கள் இல்லாமல் இல்லை. அக்காவாக இருப்பார்கள், தோழியாக இருப்பார்கள், தியாகம் செய்வார்கள். கதாநாயகியாக வந்தால் 'கறுப்பானாலும் களையானவள்' என்று ஓர் 'ஆனாலும்' போட்டிருப்பேன். அந்த 'ஆனாலும்' ஒரு அழகுக் குறிப்பு அல்லாமல் வேறென்ன? குறையை முதல் அத்தியாயத்தில் வைப்பதற்கு நானும் கற்றுக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதைத்தான் அந்தப் பெண் பூசிக் கொண்டாள்.

1975-ல் சந்தைக்கு வந்த ஒரு பிரபல களிம்பு, 2020-ல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு ஒளியைக் குறிக்கும் சொல்லை வைத்துக் கொண்டது. 'சிவப்பழகு' என்று விளம்பரம் சொன்ன இடத்தில் 'பொலிவு' வந்து உட்கார்ந்தது. சொல்லை மாற்றுவது நல்லதுதான்; சொல்லோடு கதையும் மாற வேண்டாமா? முதல் அத்தியாயம் இன்னும் 'உங்கள் குறை' என்றே தொடங்குமானால், பெயரை மாற்றிப் பயன் இல்லை. இந்தக் கேள்வி கம்பெனிக்காரருக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான்.

குறிப்பு எழுதுகிறவர்களை எழுத வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முகத்தைத் துலக்கிக் கொள்வதும், பூ வைத்துக் கொள்வதும், கண்ணுக்கு மை தீட்டுவதும் வாழ்க்கையின் சின்னச் சந்தோஷங்கள். அவற்றைப் பழிப்பவன் உலகம் அறியாதவன். மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன். இதைச் செய்து பார்த்தவர் யார்? இது யாருக்கு ஆகாது? செய்யாமல் விட்டால் என்ன கெட்டுப் போகும்? மூன்றுக்கும் பதில் உள்ள குறிப்பை அச்சிடட்டும். மூன்றாம் கேள்விக்கு 'ஒன்றும் கெட்டுப் போகாது' என்பது பதிலானால், அதையும் கடைசி வரியாகச் சேர்த்து அச்சிடட்டும். முப்பது வருஷத்தில் அந்தப் பக்கத்தில் வந்த முதல் புது வரியாக அது இருக்கும்.

மருமகளின் முகம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. மாதக் கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நான் ஊர் திரும்பியதும் அந்த நாவலின் பிரதியை எடுத்து, மறுபதிப்புக்காக அந்த ஐந்து வரியை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நிறத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி எவ்வளவு தூரம் நடந்து வந்தாள் என்று மட்டும் எழுதினேன்.