காதால் நடத்தும் போர்

திரையில் படமே இல்லாத ஒரு போர் விளையாட்டில் என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள் 'தி வேல்: ஷேடோ ஆஃப் தி கிரவுன்' விளையாட்டிலிருந்து தொடங்கலாம். இதைக் கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. நாயகி அலெக்ஸ், பார்வையற்ற இளவரசி. அவளுக்குக் கேட்பது மட்டுமே நமக்கும் கேட்கும்.

சண்டை இப்படி நடக்கும். இடப்பக்கம் காலடி நெருங்குகிறது. மூச்சை இழுத்து ஓர் உறுமல். அந்தக் கணத்தில் கேம்பேடின் இடது குச்சியை இடப்பக்கம் தள்ளினால் கேடயம் அங்கே போய் நிற்கும். 'டங்' என்று வாள் மோதும். உடனே வலது குச்சியைத் தள்ளினால் நம் வாள் பாயும். இடம், வலம், முன் என்று மூன்றே திசைகள்.

முதுகுப்பக்கம் எதிரியே வராத சண்டை எப்படி நிஜமாகும் என்று கேட்கலாம். ஓர் ஒலி இரண்டு காதுகளையும் எட்டும் நேரத்தில் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான வித்தியாசம் இருந்தாலே இடம், வலம் தெரிந்துவிடும். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் வரும் ஒலிகளோ இரு காதுகளையும் ஒரே நேரத்தில் அடையும். வாழ்க்கையில் தலையைத் திருப்பிச் சரிபார்த்துக்கொள்கிறோம். சாதாரண ஹெட்போனில் தலையோடு ஒலியும் திரும்பிவிடும். ஆகவே பின்பக்கத்தை விட்டுவிட்டது சரியான முடிவு என்பேன். விசைகளைக் குறைத்ததும் அப்படியே. தேர்ந்த வீரனுக்குக் கேடயத்தை எப்படித் தூக்குவது என்ற யோசனையே வராது. அதற்கு நான்கு விசைகளை அழுத்த வைக்கும் விளையாட்டு, எத்தனை திசை வைத்திருந்தாலும், போரின் உணர்வைத் தராது.

அடி வாங்கும்போதெல்லாம் ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் கேட்டும் கை பிந்தியதா, சத்தமே கேட்கவில்லையா? கை பிந்தியது என்றால் அது நல்ல விளையாட்டு. அடுத்த முறை முந்திவிடலாம். வெடிச் சத்தமும் பின்னணி இசையும் எதிரியின் காலடியை மூழ்கடித்துவிட்டால் ஒலி அமைத்தவர் கோட்டை விட்டுவிட்டார். சத்தம் கூடக்கூட நிஜம் கூடும் என்று நம்பும் விளையாட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் நெடுநேரம் செலவிட வேண்டாம்.

எளிமை என்றால் விசைகள் குறைவாக இருப்பது மட்டுமல்ல. ஜிஎம்ஏ கேம்ஸின் 'லோன் உல்ஃப்' நீர்மூழ்கிக் கப்பல் போரைப் பற்றியது. அதை ரசிக்கப் பொறுமை வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலில் விசைகள் பல இருப்பது உறுத்தாது. ஆழம் என்ன, எதிரி எந்தத் திசையில் என்று உண்மையான கேப்டனும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். சோனார் ஒலி இரண்டு வினாடியில் திரும்பினால் எதிரே ஒன்றரை கிலோமீட்டரில் ஏதோ இருக்கிறது. புரொப்பல்லர் சுற்றும் சத்தத்தை எண்ணியே எதிரிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். காதுதான் அங்கே அசல் கருவி.

போர் விமான விளையாட்டு வேறு கதை. உயரம், வேகம், திசை மூன்றும் ஒரே சமயத்தில் மாறும். விளையாட்டில் எண்களை வாசிக்கும் குரல் உயரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரி தாண்டிப் போய்விடுவான். எண்களை வாசிப்பதற்குப் பதிலாக, குறி நேராகும்போது 'பீப்' ஒலிக்க வைப்பது அதனால்தான். இது செயற்கையான உதவி என்று ஒதுக்காதீர்கள். சைட்விண்டர் ஏவுகணை இலக்கின் வெப்பத்தை உணர்ந்ததும் உண்மையான விமானியின் காதிலும் ஓர் உறுமல் கேட்கும்.

ஆடும் முன் ஹெட்போனின் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வயர் உள்ள ஹெட்போனாகவே இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், கேடயம் பிந்தும். பார்வையற்ற நண்பர் இருந்தால் முதல் சண்டையை அவரை ஆடச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு ஹெட்போனோடு உட்காருங்கள். எந்தச் சத்தத்துக்கு அவர் கை அசைகிறது என்று கவனித்துவிட்டு, அடுத்த சண்டையை நீங்கள் ஆடுங்கள்.