ஆவி வடிக்கும் கை

பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணையைப் பார்த்துவிட்டு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகச் செங்குன்றம் வந்தால், புழுங்கல் நெல்லின் வாசம் வரவேற்கும். அங்கே ஓர் அரிசி ஆலையில் விடிகாலையில் பார்த்த வேலை ஒன்று இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. நெல் அவிக்கும் நீராவிக் குழாயிலிருந்து தண்ணீர் வடிப்பது! இரவெல்லாம் ஆறிக் கிடந்த இரும்பில் பட்டதும் ஆவி தண்ணீராகிவிடும். அதை வடிக்காமல் வால்வை முழுசாகத் திறந்தால், ஆவி அந்தத் தண்ணீரை வாரிக்கொண்டு ஓடி வளைவில் மோதும். சம்மட்டி அடிபோல 'டங்'கென்று குழாயே அதிரும்.

பாய்லர்காரர் அவசரப்படவில்லை. வடிகுழாயைத் திறந்துவைத்து, ஆவி வால்வை மயிரிழை அளவு திருகிவிட்டுக் காதைக் கொடுத்து நின்றார். முதலில் துருநிறத் தண்ணீர் கொப்பளித்தது. பிறகு தெளிந்தது, விட்டுவிட்டுத் துப்பியது, கடைசியில் ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்'. குழாய் வாயை ஒட்டி இரண்டு விரல்கடைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்கப்பால்தான் வெண்புகை. "தெரியாத இடந்தாங்க நெசமான ஆவி, கையக் கொண்டுபோயிடாதீங்க" என்றார். ஒரு கிலோ ஆவி தண்ணீராகும்போது விடுகிற வெப்பத்தில் 7 லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். அவ்வளவையும் ஆறிக் கிடந்த இரும்புக்குக் கொடுத்துவிட்டு வந்த சுடுநீர்தான் அந்த வடிந்த தண்ணீர். வடிகுழாயை மூடியபின், அவ்வப்போது சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் 'டிக்… டிக்…' என்று தானே திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டேதான் டீயைக் கையில் எடுத்தார்.