தலையெழுத்தும் மூளைப் படமும்

‘இவன் மண்டையில ஒண்ணும் ஏறாது.’ நம்மில் பலர் வகுப்பறையில் கேட்டு வளர்ந்த வாக்கியம். ஏறாத மண்டை யாருடையது, அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதெல்லாம் சொல்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அன்றைக்கு அதைத் தலையெழுத்து என்றார்கள். இன்றைக்கு அதே வாக்கியம் நரம்பியல் பாஷை பேசுகிறது: மூளையின் கதவு சின்ன வயதிலேயே சாத்திக்கொள்ளும், அதற்குள் ஏற்றினால்தான் உண்டு.

அறிவியல் அப்படிச் சொல்கிறதா? ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து காந்தப் படம் எடுத்த ஜே கீட் குழுவினர், முன்மூளையின் சாம்பல்நிறப் பொருள் பதின்பருவத் தொடக்கம்வரை கூடிப் பிறகு குறைவதை 1999இல் காட்டினார்கள். முன்மூளை முதிர்வது இருபதுகளின் நடுப்பகுதிவரை நீள்கிறது. கதவு சாத்தப்படவில்லை, வீடே இன்னும் கட்டி முடியவில்லை.

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த சாரா ஜெய்ன் பிளேக்மோர் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. 11 வயதுச் சிறுவர் முதல் முப்பதைத் தாண்டியவர்வரை 600க்கும் மேற்பட்டோர். வடிவங்களுக்கிடையிலான உறவைக் கண்டறியும் புதிர்களில் 20 நாள்கள்வரை பயிற்சி. இதில் அதிகம் முன்னேறியவர்கள் 11–13 வயதினர் அல்லர். பதினாறை ஒட்டியவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும்தாம். ‘சின்னதுல விட்டா போச்சு’ என்கிற பயமுறுத்தல் இங்கே உடைகிறது.

உடனே நாம் கைதட்டிவிட வேண்டாம். இந்த ஆய்வு மூளையைப் படம் எடுக்கவில்லை. புதிர்களுக்கு வந்த விடைகளைத்தான் அளந்தது. புதிரில் தேறியவன் வாழ்க்கையிலும் தேறுவான் என்று அது நிறுவவில்லை. 2010இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரிடம் ஆறு வாரம் நடத்திய சோதனையில், பயிற்சி பெற்ற விளையாட்டில் முன்னேற்றம் இருந்தது. மற்றதற்கு அது தாவவில்லை. தாவும் என்று விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆறு வயதின் பயத்தை விற்றவர்கள் நாளைக்குப் பதினாறு வயதின் நம்பிக்கையை விற்பார்கள். சரக்கு ஒன்றுதான், சீட்டு மட்டும் வேறு.

ஆகவே இதைப் பயிற்சிக்கான சிபாரிசாக வாசிக்கக் கூடாது. தரம்பிரிக்கும் அதிகாரத்தின் மீதான கேள்வியாக வாசிக்க வேண்டும். 1944 கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து இங்கிலாந்தில் 11 வயதிலேயே ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். அறிவு பிறப்பிலேயே வருவது என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் சிரில் பர்ட். அவர் 1971இல் இறந்தார். அவருடைய இரட்டையர் ஆய்வின் எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்று லியோன் காமின் காட்டியது 1974இல். அதற்குள் எத்தனை பிள்ளைகள் வேறு பள்ளிக்கு, வேறு வாழ்க்கைக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள்!

இது நமக்கு அந்நியமான கதை அல்ல. 1953இல் அரைநாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பில் அடுத்த ஆண்டே போனது. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. முதல் திட்டம் பிறப்பைச் சொல்லிப் பிரித்தது. இரண்டாவது மதிப்பெண்ணைச் சொல்லிப் பிரிக்கப் பார்த்தது. பத்து வயதில் தோற்று, செங்கல் சூளைக்கோ பட்டறைக்கோ போகிறவனைப் பார்த்து, ‘அவனுக்குப் படிப்பு வரல’ என்று ஊர் சொல்லும். அவனுக்குப் படிப்பு வரவில்லையா, படிப்பு அவனிடம் வரவில்லையா?

மூளையைக் காட்டி யாராவது பேசினால் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் படம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது? பதினாறு வயதிலும் கற்றுக்கொள்ளும் ஒரு மண்டைக்குப் பத்து வயதில் தீர்ப்பெழுத யாருக்கும் உரிமை கிடையாது. இதைச் சொல்ல ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். அறிவொளி இயக்கத்தில் நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிய பெண்கள் 1990களிலேயே சொல்லிவிட்டார்கள். நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.