கழற்றுகிறவனின் தொப்பி

பொள்ளாச்சியில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர் வருஷத்தில் பத்து இருபது நாள் இருந்தால் பெரிய விஷயம். அந்த ஊரில் இப்போது கம்பளித் தொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆழியாறு அணைப் பக்கமும் தென்னந்தோப்பு வரப்புகளிலும் எடுக்கப்படும் கல்யாணப் போட்டோஷூட்டுகளைக் கவனியுங்கள். மாப்பிள்ளைக்குச் சாம்பல் நிற வெயிஸ்ட்கோட், பாக்கெட்டிலிருந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி, தலையில் முன்பக்கம் சரிந்த தட்டைத் தொப்பி. மேலே ட்ரோன் சுற்றும். ரீல்ஸில் ஏறும்போது என்ன பின்னணி இசை என்று சொல்லவே வேண்டாம். 'பீக்கி பிளைண்டர்ஸ்' ஒரு எபிசோடுகூடப் பார்க்காத மச்சானுக்கும் 'ஷெல்பி தொப்பி' என்றால் புரிந்துவிடுகிறது.

இதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். முகநூலில் ஏற்கெனவே போதுமான அளவு பண்ணியாகிவிட்டது. பேன்ட்டும் சட்டையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அந்தக் கிண்டல் நின்றுவிடும். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. ஒரு தொழிலாளியின் தலையிலிருந்து கிளம்பி ஒரு மாப்பிள்ளையின் தலைக்கு வந்து சேர்வதற்குள் இந்தத் தொப்பி வழியில் எதை உதிர்த்துவிட்டது?

இங்கிலாந்தில் தொப்பிக்குச் சட்டமே இருந்திருக்கிறது. 1571இல், முதலாம் எலிசபெத் காலத்தில், நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாட்களிலும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி அணிய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பிரபுக்கள், சீமாட்டிகள், நிலம் வைத்திருந்த கனவான்களுக்கு விலக்கு உண்டு. உள்ளூர்க் கம்பளித் தொழிலைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். 1597இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அன்றைய தொப்பி பின்னப்பட்ட வட்டத் தொப்பி. இன்றைய தட்டைத் தொப்பியின் வடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகிறது. ஆனால் யார் தலையில் கம்பளி இருக்கும், யார் தலையில் இருக்க வேண்டியதில்லை என்கிற பிரிவு அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

தொழிற்புரட்சிக்குப் பிறகு மில், சுரங்கம், துறைமுகம் என எல்லா இடத்திலும் தட்டைத் தொப்பி பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த இங்கிலாந்துக் கால்பந்து மைதானப் புகைப்படங்களில் முகங்களைவிடத் தொப்பிகள்தான் அதிகம் தெரியும். வடக்கு இங்கிலாந்தின் மில் ஊர்களை வரைந்த எல்.எஸ். லௌரியின் ஓவியங்களிலும் அந்தக் கூட்டம்தான் நடந்து போகிறது. பணக்காரர்களும் இதை அணிந்தார்கள், ஆனால் வேட்டைக்கும் கோல்ஃபுக்கும். அவர்களுக்கு அது ஓய்வுநேரத் தொப்பி. தொழிலாளிக்கு அது தினசரித் தொப்பி. முதலாளி எதிரே வந்தால் கழற்றவும் வேண்டியிருந்த தொப்பி. ஆங்கிலத்தில் 'தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனான்' என்றால் பணிந்து கெஞ்சினான் என்று அர்த்தம். ஒரு தலையணியின் சமூக வரலாறு, அதை யார் யார் முன்னால் எடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. போட்டது வெயிலுக்கும் குளிருக்கும், எடுத்தது மனிதர்களுக்காக.

இந்த இடத்தில் வைத்து 'பீக்கி பிளைண்டர்'ஸைப் பார்க்கலாம். ஸ்டீவன் நைட் உருவாக்கிய தொடர். 2013இல் பிபிசியில் தொடங்கி 2022இல் 6ஆவது சீசனோடு முடிந்தது. கதை 1919இல், முதல் உலகப்போர் முடிந்த பர்மிங்காமில் ஆரம்பிக்கிறது. உண்மையில் அந்தப் பெயரில் தெருக்கும்பல்கள் திரிந்தது 1890களில். தொப்பி விளிம்பில் சவரப் பிளேடு தைத்திருந்தார்கள் என்ற கதையை பர்மிங்காம் வரலாற்றாசிரியர் கார்ல் சின் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் அத்தகைய பிளேடு ஆடம்பரப் பொருள். தெருப்பையன்களால் வாங்க முடியாது. 'பீக்' என்பது தொப்பியின் முன்விளிம்பு, 'பிளைண்டர்' என்பது கண்ணைப் பறிக்கும் தோற்றத்துக்கான வட்டாரச் சொல். அதாவது அந்தப் பெயரே நன்றாக உடுத்தியவன் என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கால வித்தியாசமும் பிளேடும் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. புனைவுக்கு அந்த உரிமை உண்டு. போரிலிருந்து திரும்பியவனின் தூக்கமின்மையை, உலையின் புகைக்குள் நடக்கும் குடும்ப வியாபாரத்தை அந்தத் தொடர் அபாரமாகக் காட்டுகிறது. என் குறை ஒன்றுதான். தாமஸ் ஷெல்பி தலையில் அந்தத் தொப்பி பணிவதற்கான சாத்தியமே இல்லாத பொருளாகிவிடுகிறது. பின்னணியில் உலை எரிகிறது, சம்மட்டி அடிக்கிறது, நாயகன் அதன் நடுவே மெதுவாக நடந்து போகிறான். உழைப்பு இங்கே செட் பிராப்பர்ட்டி. பார்க்கிறவனுக்குக் கிடைப்பது தொழிலாளியின் உடையும் முதலாளியின் நடையும். ஷிஃப்ட் பார்க்க வேண்டாம், மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டாம், ஆனால் உழைக்கும் வர்க்கத்தின் கெத்து மட்டும் வேண்டும். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து டிக்கெட் மூடிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். கோயம்புத்தூருக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக எழும்பிய மில்கள் என அந்தப் பெயருக்குக் காரணங்கள் உண்டு. மான்செஸ்டரின் எந்திரம் வந்தது, சங்கு வந்தது, ஷிஃப்ட் வந்தது. மான்செஸ்டரின் தொப்பி மட்டும் வரவில்லை. இங்கே தலைக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதுதான் துண்டு.

தொப்பி தைக்கப்பட்ட பொருள். அதன் வடிவம் தையற்காரரிடமே முடிந்துவிடுகிறது. துண்டு தைக்கப்படாதது; தேவை என்னவோ அதுவாக ஆகும். எங்க தொழில் மொழியில் சொன்னால் தொப்பி கம்பைல் ஆகி வந்துவிட்டது, துண்டு ரன்டைமில் முடிவாகிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மண்ணை அள்ளிக்கொண்டு வரும்போது அது உருமாக் கட்டு. தேங்காய் மூட்டை தூக்கும்போது சும்மாடு. மட்டை உரிக்கும் இடத்தில் நார்த்தூசிக்குத் தடுப்பு. மத்தியானம் தோப்பு நிழலில் பாய். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தரகர் ஒரு கை, வியாபாரி ஒரு கை, மேலே ஒரு துண்டு. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் யாருக்கும் தொகை தெரியாது. ஒரு முழத் துணிக்குள் ரகசியப் பேரம் முடிந்துவிடும்.

இத்தனை வேலை பார்த்த துண்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. எந்த மன்றத்திலும் நிறைவேற்றாத, எல்லாருக்கும் மனப்பாடமான சட்டம். சின்ன வயதில் எங்க அப்புச்சி தோட்டத்துக்கு லீவுக்குப் போவேன். அவர் தோளில் துண்டு எப்போதும் அப்படியே கிடக்கும். வேலைக்கு வருகிறவர் ஒருவர், அப்புச்சியைவிட மூத்தவர், தலையில் கட்டியிருப்பதை வேலியோரத்திலேயே அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். "வாங்க பண்ணாடி, எப்ப வந்தீங்க?" என்று என்னைக் கேட்பார். எனக்கு ஏழு வயது. அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்: பெயர் சொல்லி. யாரும் அதட்டவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. தலையிலிருந்து இடுப்புக்கு அந்தத் துணி இறங்கிய தூரத்தில் எல்லாம் அடங்கியிருந்தது.

செட்டிநாட்டில் ஒரு ஊர்வலத்தில் நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததற்கு ஆட்சேபம் எழுந்தபோது, எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நின்றதைத் திராவிட இயக்க வரலாறு சொல்கிறது. வியர்வை துடைக்க ஒரு துண்டு. அதற்கு ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. மான்செஸ்டர் தொழிலாளியும் தொப்பியைக் கழற்றினான்தான். ஆனால் மில் கேட்டைத் தாண்டி மதுக்கடைக்கு வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அவன் மகன் படித்து ஆபீசுக்குப் போனால் அந்தக் கணக்கே மாறிவிடும். இங்கே கேட் என்று ஒன்று இல்லை. ஊர் முழுக்க மில்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் சினிமா இந்தத் துண்டை என்ன செய்தது? 'சின்னக் கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என்று அடுத்தடுத்து மூன்று வருஷம் தோள் துண்டு தமிழ்நாடு முழுக்கக் கொடி கட்டிப் பறந்தது. பொள்ளாச்சி கிட்டத்தட்ட ஒரு நிரந்தர செட்டாகவே மாறியது. தென்மாவட்டக் குடும்பத்தின் கதையான 'தேவர் மகன்'கூட (1992) பொள்ளாச்சிப் பக்கம்தான் படமானது. எங்க ஊர் ஆட்களுக்கு அதில் பெருமை. எனக்கும் இருந்தது. 'எஜமான்' ரஜினி மாதிரி துண்டைத் தோளில் வீசிப் போட்டுப் பார்க்காத பையன் அன்று எங்க தெருவில் கிடையாது.

இந்தப் படங்களையும் 'பீக்கி பிளைண்டர்'ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செய்முறை ஒன்றுதான். ஷெல்பியின் தொப்பியும் நாட்டாமையின் துண்டும் கேமராவுக்கு முன்னால் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஸ்லோமோஷன், கீழ்க்கோணம், இசை. துண்டு இடுப்புக்கு இறங்குகிற ஆட்கள் அதே ஃபிரேமில் இருக்கிறார்கள், கூட்டமாக, கைகட்டி. அவர்கள் நாயகனின் உயரத்தை அளக்கும் அளவுகோல்கள். ஒரு வித்தியாசம் உண்டு, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பர்மிங்காம் தொடர் கீழே இருந்தவனின் தொப்பியை மேலே ஏற்றியது. நம் படங்கள் ஏற்கெனவே மேலே இருந்த துண்டை இன்னும் ஒரு முழம் உயர்த்தின. முதலாவது ஒரு பகல்கனவு. இரண்டாவதுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளிகள் தூக்கிலிடப்பட்டார்கள். சங்கம் கட்டியவர்கள்: ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். உலை, எந்திரம், அடியாள், போலீஸ், காட்டிக்கொடுத்தல், மரணம் என ஒரு தொடருக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது. பர்மிங்காமின் தெருக்கும்பலுக்கு 6 சீசன் பார்த்த நான், இவர்களைப் பற்றி ஓடிடியில் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. நம் இளைஞன் தலையில் பர்மிங்காம் தொப்பி ஏறியதற்கு அவன் ரசனை மட்டும் காரணமில்லை. உழைக்கிறவனை அழகாகக் காட்டும் ஒரு படிமத்தை அவனுக்கு அவன் ஊர் தரவில்லை. வெளியிலிருந்து வாங்கிக்கொண்டான்.

தமிழ் ஆளுமைகளிடம் தலையணி பெரும்பாலும் கையெழுத்தாகிவிடும். பாரதியின் முண்டாசு, எம்ஜிஆரின் வெள்ளைத் தொப்பி. 1987 டிசம்பரில் ராஜாஜி ஹாலில் அவர் உடல் வைக்கப்பட்டபோதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே இருந்தன. காந்தி குல்லா என்று உலகமே சொல்லும் குல்லாவை, 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறியபோது காந்தியே விட்டுவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. பாலு மகேந்திராவையும் நாம் தொப்பியோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கடைசிப் படமான 'தலைமுறைக'ளில் (2013) தாத்தாவாக நடிக்க வந்தபோது தொப்பியை எடுத்துவிட்டு வந்தார். பேரனுக்கு முன்னால் வெறும் நரைத் தலை. அந்தக் கிழவரை நம்புவதற்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது. யாருடைய அதிகாரத்துக்கும் பயந்து எடுத்ததல்ல, தானாக எடுத்தது. பணிவதற்கு வெளியேயும் கழற்றுவதற்கு ஓர் அர்த்தம் இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

ஆகவே மாப்பிள்ளை தொப்பி போடட்டும். கம்பளி இல்லாமல் பருத்தியில் தைத்துப் போட்டால் மண்டை காயாது, அவ்வளவுதான். ஃபேஷன் என்பதே மறதியின் மேல்தான் ஓடுகிறது. அதனிடம் வரலாறு கேட்டு நிற்க முடியாது. சினிமாவிடமும் தொடர்களிடமும் கேட்கலாம். கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை. அடுத்த முறை திரையில் ஒரு தலைப்பாகையோ தொப்பியோ துண்டோ மெதுவாக ஏறும்போது நாயகனை விட்டுவிட்டு ஃபிரேமின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒருவர் வேலியோரமாக நின்று தன் துண்டை அவிழ்த்துக்கொண்டிருப்பார். இடுப்பில் முடிச்சுப் போட்டு முடிக்கும் வரைக்கும் கேமரா அவரிடம் நிற்கிற படம் ஒன்று வந்தால், டிக்கெட் என் செலவு.