பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், செய்யூர் பக்கம் முதலியார்குப்பம் படகுத்துறை அருகே ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் நின்றால் எல்லோரும் வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் உரிமையாளரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ரசிக்க வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது.

ஸ்பிட்ஃபயரின் பானட் இரண்டு பக்க மட்காரோடும் சேர்ந்து முன்னால் கவிழும். முன் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். உள்ளே தெரியும் எஞ்சின் 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட் என்ற சின்னக் குடும்பக் காருக்காக 803 சிசியில் பிறந்தது. அதுவே 948 சிசியாக வளர்ந்து, நம் வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையின் ஹெரால்டுக்குள் வந்தது. இன்னும் பெருத்து 1147 சிசியாகி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரோடு 1962இல் ஸ்பிட்ஃபயருக்குப் போனது. வீட்டில் ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் பழகிய சத்தம்.

டிரையம்ப் டிஆர்2 கிடைத்தால் இன்னும் அதிர்ஷ்டம். அதன் 1991 சிசி எஞ்சின் ஸ்டாண்டர்ட் வான்கார்டு வழி வந்தது. அதே குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது. வெட் லைனர் எஞ்சின், அதாவது லைனரைத் தொட்டபடியே தண்ணீர் ஓடும். தேய்ந்தால் போர் அடிக்க வேண்டியதில்லை, லைனரை உருவிவிட்டுப் புதிதாகப் போடலாம். எழுபது வயது தாண்டியும் இவை ஓடுவதற்கு இது முக்கியக் காரணம் என்பேன். 1985இல் வண்டலூரிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் 2000 காரிலும் இந்த எஞ்சின்தான். அந்தப் பெரிய காரை இழுக்கத் திணறியது என்று அதைத் திட்டினார்கள். லேசான டிஆர்2இல் அதுவே பாய்ந்தது. எஞ்சினைக் குறை சொல்லும்முன் அது சுமக்கும் எடையைப் பாருங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுங்கள். டேப்பெட் சத்தம் லேசாக, ஒரே சீராக இருந்தால் நல்லது. அடியிலிருந்து கனமாக இடித்தால் பேரிங் தேய்ந்திருக்கும்.

ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு இரண்டிலும் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும். நீங்கள் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று விழுந்தால் கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும். நகர்ந்தால் உரிமையாளரிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள். சம்ப்பை இறக்கினால் போதும், எஞ்சினைக் கழற்றாமலே வாஷரை மாற்றிவிடலாம்.