தொலைக்காட்சித் திரையில் தனியார் துப்பறிவோர்: காவிரிப் படுகைப் புனைவு மரபும் தேவனின் சாம்புவும்

ஆய்வுச் சுருக்கம்

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் தூர்தர்ஷன் வழியாக இந்திய இல்லங்களுக்கு அறிமுகமான தனியார் துப்பறிவோருள் கரம்சந்த், பியோம்கேஷ் பக்ஷி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தமிழில் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவன் தேவனின் துப்பறியும் சாம்பு. அவனுடைய நகைச்சுவை அறிவின்மையைப் பற்றியதன்று, புகழ் உருவாகும் முறையைப் பற்றியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புனைவு, தூர்தர்ஷன், தேவன், சாம்பு, தரங்கம்பாடி, ஊடக மாற்றம்.

முன்னுரை

துப்பறியும் கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் வழக்கம் தமிழ்த் திறனாய்வில் நெடுங்காலமாக உள்ளது. அக்கதைகள் தொலைக்காட்சித் தொடர்களாகும்போது அவ்வொதுக்கம் இருமடங்காகிறது. ஆயினும், உண்மையை யார் கண்டறிகிறார், அதை ஊர் எவ்வாறு ஏற்கிறது என்னும் வினாக்களை இவ்வகைப் புனைவே நேரடியாக எழுப்புகிறது.

படுகையின் மரபு

இவ்வினாவின் தடம் காவிரிப் படுகையில் தெளிவாகத் தெரிகிறது. 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் பின்னர் முன்சீப்பாகப் பணியாற்றியவர் வேதநாயகம் பிள்ளை. 1879இல் வெளிவந்த அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ துப்பறியும் நாவலன்று. எனினும், வழக்கறிஞர் தொழிலின் முறைகேடுகளும், நீதிமன்றங்களில் மக்கள் மொழியாகிய தமிழ் வழங்க வேண்டும் என்னும் வாதமும் அதில் இடம்பெறுகின்றன. உண்மை விளங்க வேண்டுமானால் அது விளங்கும் மொழியில் பேசப்பட வேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம்.

அடுத்த தலைமுறையில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்கார் துப்பறிவாளரைச் சாமியார் கோலத்தில் படைத்தார். அவருடைய நாவலைத் தழுவி மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். இங்குத் துப்பறிவாளரின் ஆற்றல் மாறுவேடத்தில் அமைகிறது. திருவிடைமருதூரில் பிறந்த தேவன் (1913–1957) அம்மரபைத் தலைகீழாக்கினார். வேடமும் ஊகமும் இல்லாத ஒருவனை அவர் துப்பறிவாளனாக்கினார்.

தேசிய ஒளிபரப்பின் துப்பறிவோர்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. 1982இல் தேசிய ஒளிபரப்பு வந்தபின் இந்தித் தொடர்கள் தமிழகத்து வீடுகளையும் எட்டின. 1985இல் பங்கஜ் கபூர் நடித்த கரம்சந்தும், 1993இல் பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் ரஜித் கபூர் நடித்த பியோம்கேஷும் அவற்றுள் அடங்கும். இவ்விருவரும் வேறுபட்ட இயல்பினர். கரம்சந்தைக் கையிலுள்ள கேரட்டும் கறுப்புக் கண்ணாடியும் அடையாளப்படுத்துகின்றன. பியோம்கேஷோ தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ளாமல் உண்மையைத் தேடுபவன் என்றே கூறிக்கொள்கிறான்.

துப்பறியும் கதையில் முடிச்சு அவிழ்வது பெரும்பாலும் உரையாடலில்தான். இந்தி அறியாத பார்வையாளருக்குக் கேரட் புரியும். குற்றவாளி பிடிபட்ட காரணம் புரியாது. வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தை நோக்கி எழுப்பிய மொழிச்சிக்கல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வீட்டுக் கூடத்தில் மீண்டும் தலைகாட்டியது.

சாம்பு: திரையில் பெற்றதும் இழந்ததும்

‘ஆனந்த விகடன்’ இதழில் வெளிவந்த சாம்பு கதைகள் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். வங்கியில் எழுத்தராக இருந்த சாம்பு ஏதோ உளறுகிறான், எங்கோ தடுக்கி விழுகிறான். அதனால் குற்றம் வெளிப்படுகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன் அதில் மேதைமையைக் காண்கிறார். ஊர் அதை வழிமொழிகிறது. சாம்பு அறிவாளியல்லன் என்பதை அறிந்தவர்கள் கதைசொல்லியும் வாசகரும் மட்டுமே. நகைப்புக்கு இலக்காவது சாம்புவைவிட, தற்செயலுக்குத் திறமை என்று பெயர் சூட்டும் சமூகமே.

இந்த நகைப்பு தேவனின் கதைசொல்லும் குரலில் தங்கியிருக்கிறது. எதையும் மிகையின்றி, முகம் மாறாமல் சொல்லும் குரல் அது. திரையில் அக்குரலுக்கு இடமில்லை. அதன் பணியை நடிகரின் முகமே ஏற்க வேண்டியுள்ளது. மேடை நகைச்சுவையில் தேர்ந்த நடிகரால் அப்பாவித்தனத்தை உடனே உணர்த்த முடியும். ஆனால் முகம் முன்னிற்கும்போது பார்வை சாம்புவின்மேல் குவிகிறது. அவனைப் போற்றுவோரின் அறியாமை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எள்ளல் எளிய சிரிப்பாகக் குறையும் அபாயம் இங்கேதான் உள்ளது. அதே வேளையில், தமிழ் உரையாடலால் கதையின் முடிச்சு எவருக்கும் எட்டாததாகிவிடவில்லை. கரம்சந்தால் தமிழ்ப் பார்வையாளருக்குத் தர இயலாதது இது.

முடிவுரை

‘சி.ஐ.டி. சந்துரு’வைப் படைத்த தேவனுக்கு முறையான துப்பறிவாளனை எழுதத் தெரியாமலில்லை. ஆகவே சாம்பு இயலாமையின் விளைவல்லன். தெரிந்தே செய்த விமர்சனம். பியோம்கேஷ் உண்மை எங்கே என்று கேட்கிறான். சாம்பு கதைகளோ உண்மையைக் கண்டவர் இவர்தான் என்று யார் முடிவு செய்தார் எனக் கேட்கின்றன. இரண்டாவது வினா முதலாவதற்குக் குறைந்ததன்று. தொலைக்காட்சித் துப்பறிவோரை ஆராய்வோர் நடிகரின் நினைவோடு நின்றுவிடாமல், அச்சுப் பனுவலையும் திரைவடிவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அவ்வொப்பீடே தமிழ் நகைச்சுவையின் விமர்சன வலிமையை முழுமையாக வெளிக்கொணரும்.