பற்றுவதும் விடுவதும்: கிரியா ஊக்கியை ரசிக்கும் விதம்

திருவண்ணாமலைத் தெருக்களில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வருகிறவர், நன்றாகக் காய்ந்த பித்தளைத் தவலையின் உட்புறத்தில் நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தை இழைத்து, பழந்துணியால் ஒரே வீச்சில் வழித்துவிடும்போது குபீரென்று எழுகிற வெண்புகையைக் கண்டவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். கண்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதே நவச்சாரத்தில் சிறிது சுண்ணாம்பைக் கலந்து தேய்த்து முகர்ந்தால், மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் ததும்பச் செய்து, மண்டைக்குள் பளீரென்று ஏறும் ஒரு நெடி வருமே, அதுதான் அமோனியா. யூரியா முதலாக நம் வயல்களுக்கு இடும் நைட்ரஜன் உரங்களுக்கெல்லாம் அதுவே தாய்ச்சரக்கு. காற்றிலிருந்து அதை ஆக்கித் தருவதில் உலோகங்கள், தாம் செலவாகாமல் வினையை முடுக்கிவிடும் கிரியா ஊக்கிகளாகப் புரியும் சேவையை, ஆயிரங்கால் மண்டபத்துத் தூண் ஒன்றின் முன் நின்று ரசிப்பதுபோல ரசிக்கலாம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு ரசாயன சாஸ்திரத்தில் பட்டம் வேண்டியதில்லை; பார்வையை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் போதும்.

கிரிவலம் வருகிறவர்கள் வருண லிங்கத்தை வணங்கிய பிறகு வாயு லிங்கத்தை அடைகிறார்கள். அவ்விரு சந்நிதிகளுக்கும் இடையே நடக்கும்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு: அமோனியாவுக்கு வேண்டிய சாமான்கள் இரண்டே, நீருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் ஒன்று, காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்காக நிறைந்திருக்கும் நைட்ரஜன் மற்றொன்று. ஆயினும் நாம் இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சிலும் அந்த நைட்ரஜன் வந்தவாறே திரும்பிப் போகிறது. ஏனெனில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, வேறெதனோடும் சேர விருப்பமின்றித் திரிகின்றன. மின்னலின் உக்கிரம் அப்பிணைப்பை அறுக்கும். சாதாரண நெருப்பு அதை அசைக்காது. இந்தப் பிடிவாதத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர்களுக்கு, உலோகத்தின் திறமை ஒருநாளும் ரசனைக்கு எட்டாது.

நம் ஊருக்கு அருகிலுள்ள கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் மாக்னடைட் என்னும் இரும்புத் தாது இருக்கிறது. காந்தத்தைக் காட்டினால் தாவி ஒட்டிக்கொள்ளும் கருநிறத் தாது. அம்மலைகளை வெட்டித் தாது எடுக்கும் யோசனை எழுந்தபோது சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். நானும் அவர்கள் பக்கமே. ஆனால் அந்தக் கருங்கல்லின் ஜாதியைச் சேர்ந்த ஒரு தாதுவே உலகத்தின் உர உற்பத்தியைத் தோளில் சுமக்கிறது என்பதை அறிந்தபின், அம்மலைகளைப் பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது. 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர், ஆஸ்மியம் என்னும் அபூர்வ உலோகத்தைக் கொண்டு, காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அமோனியாவாக இணைத்துக் காட்டினார். ஆஸ்மியமோ உலகத்தில் கைப்பிடியளவே கிடைப்பது. ஆகையால் ஆல்வின் மிட்டாஷ் என்பவர் ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பொறுமையோடு சோதித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஸ்வீடன் தேசத்து மாக்னடைட் துண்டு ஒன்று அற்புதமாக வேலை செய்வதைக் கண்டார். சுத்தமான இரும்பைவிட, அலுமினாவும் பொட்டாஷும் சிறிதளவு கலந்த இரும்பே மேலானது என்பதும் அப்போது தெரிந்தது. பொறியாளர் கார்ல் பாஷின் முயற்சியால் 1913-இல் ஒப்பாவ் என்ற இடத்தில் தொழிற்சாலை எழுந்தது. இன்றும் அந்த இரும்பே, நானூறு ஐந்நூறு டிகிரி உஷ்ணத்திலும், வாயுமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும், இரவு பகலாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த உழைப்பில் எதை ரசிப்பது? நைட்ரஜன் இரும்பின்மீது வந்து அமர்கிறது. இரும்பு தன் எலெக்ட்ரான்களைச் சிறிது ஈந்து, அந்த மூன்று பிணைப்புகளையும் நெகிழ்த்தி, அணுக்களைத் தனித்தனியே பிரித்துத் தாங்குகிறது. ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. மூன்று சேர்ந்ததும் அமோனியா உருவாகி, இரும்பை விட்டுக் கிளம்பிப் போகிறது. பலரும் பிரிக்கும் வேலையையே வியக்கிறார்கள். என் கண்ணுக்கு அழகானது அந்தக் கடைசிக் கட்டம், அதாவது உலோகம் விட்டுக்கொடுக்கும் கணம். பௌர்ணமியன்று கர்ப்பக்கிருகத்தின் முன் வந்தவர் நகராமல் நின்றுவிட்டால் பின்னால் வரிசை முழுவதும் தேங்கிப்போவதுபோல, இறுகப் பிடிக்கும் உலோகத்தில் இடமெல்லாம் அடைபட்டுப்போகும். தங்கம், வெள்ளி போன்றவையோ வந்தவரை உட்காரவே சொல்லாமல் அனுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பிடியே உத்தமம் என்னும் தத்துவத்தை பிரெஞ்சு விஞ்ஞானி பால் ஸபாட்டியே வகுத்தார்.

இதுவரை பார்த்தது உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் அமோனியா ஆக்கும் வழி; இனி மின்சாரத்தின் வழிக்கு வருவோம். 1961-இல் இயங்கத் தொடங்கிய நங்கல் உரத் தொழிற்சாலையில், பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள்; அதன்பின் வேலை பழையபடி சூடான இரும்பிடமே போயிற்று. இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் நடக்கும் முயற்சி அந்த உலைக்களத்தையே நீக்கிவிடப் பார்க்கிறது. உலோகத்தை நீரில் அமிழ்த்தி, நைட்ரஜனை ஊதி, ஹைட்ரஜனும் எலெக்ட்ரானும் அங்கேயே கிடைக்கும்படி மின்சாரம் செலுத்தினால், ஆறு எலெக்ட்ரான்களுக்கு இரண்டு அமோனியா மூலக்கூறுகள் சாதாரண உஷ்ணத்திலேயே வந்துவிட வேண்டும். கிணற்று மோட்டாருக்குச் சூரியத் தகடு வைத்திருக்கும் விவசாயி, அதே வெயிலில் தன் உரத்தையும் ஆக்கிக்கொள்ளலாம் என்றால், அதைவிட மனோகரமான கனவு ஏது?

கனவுக்குக் குறுக்கே நிற்பது ஹைட்ரஜன். நைட்ரஜனைப் பற்றக்கூடிய இரும்பு, ருத்தேனியம், மாலிப்டினம் ஆகியவை எல்லாம் ஹைட்ரஜனையும் ஆசையோடு பற்றிக்கொள்கின்றன. நீரிலோ ஹைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை; நைட்ரஜனோ நீரில் மிகச் சொற்பமாகவே கரைவது. எனவே இந்தச் சோதனையைப் பார்க்க வாய்த்தால், தகட்டிலிருந்து முத்து முத்தாகக் குமிழிகள் எழுவதைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அவை ஹைட்ரஜன், செலுத்திய மின்சாரம் வேறு வழியில் போனதற்கு அடையாளம். அமோனியா பிறந்திருந்தால் அது குமிழியாக வராது. நீரிலே கரைந்து கண்ணுக்கு மறைந்துவிடும். அந்நீரில் ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்துக் காத்திருந்தால், அமோனியா உள்ள அளவுக்கு நீலம் பிடிக்கும். சோதனைக்குழாயை வெள்ளைத் தாளின்முன் பிடித்துப் பார்த்தாலொழியத் தெரியாத மெல்லிய நீலம் சில சமயம். மயிற்கழுத்தை நினைவூட்டும் கருநீலம் சில சமயம்.

அந்த நீலத்தையும் உடனே நம்பிவிடக்கூடாது. மனிதர் மூச்சிலும், ரப்பர் கையுறையிலும், பக்கத்துக் கொட்டிலிலிருந்து வரும் காற்றிலும் அமோனியா உண்டு. அந்தச் சிறுதுளி போதும், சோதித்தவரை ஏமாற்ற. ஆகையால் புதிய உலோகம் ஒன்றைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, நைட்ரஜனுக்குப் பதில், எதனோடும் சேராத ஆர்கான் வாயுவைச் செலுத்தியும் பார்த்தார்களா என்று தேடுங்கள். வழக்கமானதைவிடச் சற்றுக் கனமான, பதினைந்து எடையுள்ள நைட்ரஜனைக் கொடுத்து, அதே எடையுள்ள நைட்ரஜனை அமோனியாவில் திரும்பப் பெற்றார்களா என்றும் தேடுங்கள். 2019-இல் டென்மார்க் விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும் இந்தக் கண்டிப்பான முறையை வகுத்து வெளியிட்டார்கள். அதன்படி சோதித்து, "ஒன்றும் உண்டாகவில்லை" என்று ஒப்புக்கொள்ளும் கட்டுரையை நான் மரியாதையோடு படிக்கிறேன்.

அச்சோதனையில் தேறியது லித்தியத்தின் வழி. 1930-இல் ஃபிக்டர் என்பவர் தொடங்கி, 1990-களில் ஜப்பானியர் மேம்படுத்திய மார்க்கம் அது. மின்சாரத்தால் படியும் லித்தியம், அறையின் உஷ்ணத்திலேயே நைட்ரஜனைத் தன்னுள் விழுங்கி நைட்ரைடாகிவிடுகிறது. தானாக விடத் தெரியாத உலோகம் அது. சாராயம் போன்றதொரு திரவம் ஹைட்ரஜனைக் கொணர்ந்து அதன் பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. லித்தியத்தைப் படியவைக்கவே மிகுந்த மின்சாரம் செலவாவதால், விலை கட்டுப்படியாகவில்லை.

இவற்றையெல்லாம் படித்து அலுத்தால், ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொல்லை ஒன்றுக்குப் போங்கள். பூ விட்டிருக்கும் செடியொன்றை, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஈரமண்ணோடு மெல்லப் பிடுங்கி வேரைக் கழுவினால், கடுகளவு முடிச்சுகள் வேரெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே நம் ரத்தத்தைப்போலச் சிவந்திருந்தால், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனை அமோனியாவாக்கிக்கொண்டிருக்கின்றன என்று அறிந்துகொள்ளலாம். அவற்றின் கருவியிலும் உலோகமே இருக்கிறது: ஏழு இரும்பணுக்களும் ஒரு மாலிப்டினமும். எட்டு எலெக்ட்ரான்கள் செலவிட்டால் ஆறுதான் அமோனியாவுக்கு. குறைந்தபட்சம் இரண்டு அங்கேயும் ஹைட்ரஜனாகவே போகின்றன.